பொய்ம்மணமும் மெய்ப்பிள்ளையும்

மணம் என்னும் கரணம் உலகில் ஏன் தோன்றிற்று என்பதற்குத் தொல்காப்பியர் காட்டும் கரணியம் எண்ணத்தக்கது. களவிற் கூடியவன் பின்னர் அவளை அறியேன் என்று மறுத்தலும், கொண்ட ஒழுக்கத்தினின்று பிறழ்தலும் மக்களிடைத் தலைகாட்டிய பின்னரே சான்றோர் மணச்சடங்கை வகுத்தனர் என்பது கற்பியலின் கருத்து. அஃதாவது, பொய்யைத் தடுக்க எழுந்த வேலி மணம். அவ் வேலியே பொய்யானால் என்னாகும்? இவ் வினாவை இற்றை அமெரிக்கக் காதற்புதினங்கள் விளையாட்டாகவே எழுப்பி, விளையாட்டாகவே விடையும் கூறி, இலக்கக் கணக்கில் விலைபோய்க் கொண்டிருக்கின்றன.

விளையாட்டுக் காதற்புதினம் என்பது அந் நாட்டில் தனியொரு வகையாகவே வளர்ந்துவிட்டது. தலைவன் ஆட்டக்காரன், பனிக்களத்தில் வளைகோல் ஆடுபவனாகவோ, பேசுபால் என ஆங்கிலர் வழங்கும் அடிபந்தாட்டத்திற் பந்தெறிபவனாகவோ இருப்பான். தலைவி அவன் உலகிற்குப் புறத்தே நிற்பவள். அல்லது அவ் வுலகிற் கூலிக்கு உழைப்பவள். இவ் வகையின் தாய்வீடு பழையது. இலண்டனில் 1908-இல் தொடங்கிய மில்சு அண்டு பூன் பதிப்பகத்தை, கனடாவின் வின்னிபெக்கு நகரில் 1949-இல் தோன்றிய ஆர்லிக்குவின் பதிப்பகம் 1971-இல் விலைக்கு வாங்கிற்று. நம் நகரங்களின் கட்டண நூலகங்களிலும் அவர்தம் மெல்லிய நூல்கள் ஒரு தலைமுறைக் கல்லூரிப் பெண்களின் கைகளிற் புழங்கியதை மறந்தார் இரார். அன்று மருத்துவரும் நிலக்கிழாரும் அந் நூல்களிற் தலைவராய் உலவினர். இன்று அவ் விடத்தில் ஆட்டக்காரன் அமர்ந்துகொண்டான்; அவன் தோளில் ஒரு கைக்குழந்தையும் ஏறிக்கொண்டது.

வாய்பாட்டுக் கதைகள் என்று இவற்றை ஒரு சொல்லால் ஒதுக்குவார் உளர். தமிழ் கற்றவர் அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. அறத்தொடு நிற்றல், உடன்போக்கு, வாயில் மறுத்தல் எனத் துறைகளை வகுத்துக்கொண்டு, பெயர் சுட்டாத் தலைவனையும் தலைவியையும் நூற்றுக்கணக்கான பாட்டுகளில் மீண்டும் மீண்டும் நிறுத்திய இலக்கியம் நம்முடையது. துறை பழையதாயிருத்தல் குற்றமன்று. அத் துறையினுள் நின்று வாழ்க்கையின் ஒரு மெய்யைப் புலவன் காட்டினானா என்பதே வினா. பொய்ம்மணம் ஒரு துறை. தனித்தந்தை ஒரு துறை. இரண்டனையும் இவ் வினாவைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

இலிசு தாம்போர்டு என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளரின் 'காற்று நகர்' வரிசை அவ்வாறு அளத்தற்கு ஏற்றது. காற்று நகர் என்பது சிக்காகோ மாநகரின் பட்டப்பெயர். அவ் வரிசையில் 2023-இல் வெளிவந்த 'காட் அப்' என்பதும், 2024-இல் வெளிவந்த 'பிளே அலாங்' என்பதும் ஓர் அடிபந்தாட்டக் குழுவில் ஆடும் உடன்பிறந்தார் இருவரின் கதைகள். அகப்பாட்டு மரபையொட்டி அவர்களைப் பெயர் சுட்டாது மூத்தோன், இளையோன் எனக் குறித்தலே போதும்.

மூத்தோன் பந்தெறிபவன். முன்பு அவனோடு பழகிய ஒருத்தி ஒரு நாள் வந்து, அவனுக்குப் பிறந்த ஆண்பிள்ளையை அவனிடமே விட்டுச் சென்றுவிடுகின்றாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் செவிலியரை அமர்த்துவதும், எவர்மீதும் நம்பிக்கை கொள்ளாது நீக்குவதுமாக அவன் நாள் கழிகின்றது. பொறுக்கமாட்டாத குழுப் பயிற்சியாளர், தம் மகளையே கோடைப் பருவத்திற்குச் செவிலியாக அமர்த்துகின்றார். அவளோ இன்பண்டம் ஆக்குவதில் பெயர்பெற்ற சமையற்கலைஞர். கதை எங்கே சென்று முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இளையோன் கதை வேறு. குழுவினரின் உடற்காப்புப் பணியிலுள்ள பெண்ணொருத்தியும் அவனும் இலாசு வேகாசு நகரில் ஓரிரவு குடிமயக்கத்தில் மணம் செய்துகொள்கின்றனர். ஆட்டக்காரரும் பணியாளரும் காதலுறவு கொள்ளுதல் குழுவின் கட்டளைக்கு மாறு. நிகழ்ந்ததை உள்ளவாறு சொன்னால் அவள் வேலை போய்விடும். ஆகவே காதலித்து மணந்தவர்போல இருவரும் நடிக்கத் தொடங்குகின்றனர். நூலின் பெயருக்கே உடன்பட்டு நடித்தல் என்பதுதான் பொருள்.

இந்தப் பொய்ம்மணம் படிப்போர்க்கு நம்பத்தக்கதாகவே இருக்கின்றது. அதற்குக் கரணியம் எழுத்தாளரின் திறம் மட்டுமன்று; அந் நாட்டின் அமைப்புமாகும். இலாசு வேகாசு அமைந்துள்ள நெவாடா மாநிலத்தில் மண உரிமத்திற்குக் காத்திருப்பு நாள் என்பதே இல்லை. உரிமம் வழங்கும் அலுவலகம் காலை எட்டு மணிக்குத் திறந்து நள்ளிரவில் மூடும். ஆண்டு முழுதும் அவ்வாறே. இனி, மணம் செய்துகொண்டார்க்குக் கிடைப்பன யாவை? அமெரிக்க மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு மருத்துவக் காப்பீடு வேலை வழியாகவே வருகின்றது. தன் வேலையிற் கிட்டாதவர் கணவன் அல்லது மனைவியின் வேலை வழியாக அதனைப் பெறுவர். வேற்று நாட்டார்க்குக் குடியிருப்புரிமையும் மணத்தின் வழியே வரும். அதற்கெனப் பொய்ம்மணம் செய்வார் பெருகியதால், 1986-இல் தனிச் சட்டமே இயற்றி, ஐந்தாண்டுவரை சிறையும் 2,50,000 தாலர்வரை தண்டமும் என வகுத்தனர். வேலையையும் மருத்துவத்தையும் குடியிருப்பையும் ஒரு நாடு மணத்தாளிற் கட்டித் தொங்கவிட்டால், தாளை மட்டும் வாங்கிக்கொள்ள ஆள் வரத்தானே செய்யும்? பொய்யை அடக்கப் பிறந்த கரணம் பொய்யை ஈன்றெடுக்கும் கரணமாயிற்று. 'பிளே அலாங்' தலைவி தன் தொழிலறிவால் வேலையைக் காத்துக்கொள்ள முடியவில்லை. ஓர் ஆட்டக்காரனின் மனைவி என்னும் பெயராற்றான் காத்துக்கொள்ள முடிகின்றது. நகைப்பூட்டும் கதைக்குள் இருக்கும் நகைக்கவொண்ணாத செய்தி இது. இவ் வளவில் அந் நூல் தன் துறைக்குள் ஒரு மெய்யைக் காட்டிவிட்டது என்றே கூறவேண்டும்.

பொய் புகுந்த இடம் மணமன்று, பிள்ளை வளர்ப்பே.

அடிபந்தாட்டத்தின் ஓர் ஆட்டப்பருவத்தில் ஒரு குழு ஆடவேண்டிய ஆட்டங்கள் 162. அவற்றிற் பாதி, அதாவது 81 ஆட்டம், பிற ஊர்களில். ஆறு திங்களுக்குள் இவ் வளவும் முடியவேண்டும். இரவு ஆட்டம் முடிந்து, வானூர்தி ஏறி, விடியலில் வேறோர் ஊரின் விடுதியிற் கண்விழிக்கும் வாழ்க்கை அது. பந்தெறிபவர் பொதுவாக ஐந்து நாளுக்கொருமுறையே களமிறங்குவர் என்பது உண்மை. கதைக்கு ஓய்வுநேரம் தேவைப்படும்போதெல்லாம் இவ் வுண்மை கைகொடுக்கின்றது. ஆனால் ஆடாத நாளிலும் குழுவோடு அவன் செல்லத்தான் வேண்டும்; பிள்ளை காய்ச்சலில் கிடந்தாலும் செல்லத்தான் வேண்டும். பல் முளைக்கும் பிள்ளை, புது விடுதியில் உறங்காத பிள்ளை, இரவெல்லாம் அழுது காலையில் தந்தையைக் காணாத பிள்ளை! இந்தப் பிள்ளை இவ் வகை நூல்களில் அழவேண்டிய இடத்தில் மட்டும் அழுகின்றது. காதலர்க்குத் தனிமை வேண்டிய வேளையில் தவறாமல் உறங்கிவிடுகின்றது. பிள்ளை வளர்த்த எவளும் இதைப் படித்துச் சிரிப்பாள்.

பொருள்நிலையைப் பார்ப்போம். பெருங்குழு ஆட்டக்காரர் ஒருவர்க்கு 2024-இல் வகுக்கப்பட்டிருந்த மிகக் குறைந்த ஆண்டுச் சம்பளம் 7,40,000 தாலர். கதையின் தலைவனோ குழுவின் முதன்மை ஆட்டக்காரன். ஆகவே அவனுக்கு வீட்டுக் கூலியைப் பற்றிய கவலையில்லை. பிள்ளைக்காக வேலையை விடுவதா, வேலைக்காகப் பிள்ளையை விடுவதா என்னும் தடுமாற்றத்தில் காசு ஒரு பொருட்டாகவே வருவதில்லை. பணிமனையிலும் சரக்கு வண்டியிலும் உழைக்கும் அமெரிக்கத் தந்தைக்குச் சட்டம் அளித்திருப்பது யாது? 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளை பிறந்தால் பன்னிரண்டு கிழமை விடுப்பு; அதற்குச் சம்பளம் இல்லை. அதுவும் ஐம்பதின்மருக்குக் குறைந்த தொழிலகங்களில் வேலை செய்வார்க்கு அச் சட்டத்தால் உரிமையில்லை. தனியார் தொழிலாளர் அனைவர்க்கும் சம்பளத்தோடு கூடிய விடுப்பை நடுவணரசுச் சட்டம் இன்றுவரை தரவில்லை. அத்தகைய தந்தை ஒருவன் இவ் வகைப் புதினங்களிற் தலைவனாதல் மிக அரிது.

செவிலி தலைவியாகும் இடம் இன்னும் நுணுகிப் பார்க்கத்தக்கது. கழக அகப்பாட்டில் செவிலி தனக்கென ஒரு முழுமையான துயர் உடையவள். தான் வளர்த்த மகள் உடன்போக்கிற் சென்றபின், சுரத்தில் எதிர்ப்படுவோரை எல்லாம் வினவிச் செல்பவள். அவள் அன்பு வேறொன்றிற்கு ஏறுபடியாக வைக்கப்படவில்லை. இப் புதினங்களில் செவிலி பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் தந்தையின் நெஞ்சம் அவள்பால் ஒருபடி நகர்கின்றது. இறுதியில் மணம் நிகழ்கின்றது. கூலிக்குச் செய்த வேலை அன்றுமுதல் கூலியில்லாமல் தொடர்கின்றது. தனித்தந்தையின் சிக்கலுக்கு நூல்கள் கண்ட தீர்வு, அவன் தனித்தந்தையாய் இல்லாமற் போவதே. பாலைச் சூடாற்றிப் புகட்டும் ஆணைக் கண்டு பார்ப்பவர் எல்லாரும் உருகுகின்றனர். அதே பாலை ஆயிரம் முறை புகட்டிய தாய்க்கு ஒரு வரியும் கிடையாது. பெண்களே எழுதிப் பெண்களே படிக்கும் நூல்களில் இவ்வாறு நேர்வதுதான் வருத்தம்.

எனினும் இந் நூல்களை வாளா தள்ளுதற்கும் இல்லை. இவற்றை விரும்பிப் படிக்கும் பெண்கள் அறிவிலார் அல்லர். மெய்யான ஆட்டக்களத்தில் தந்தைமை எவ்வாறு நடத்தப்பட்டது என்பதை நோக்கினால் அவர்தம் விருப்பத்தின் கரணியம் விளங்கும். அடிபந்தாட்டப் பெருங்குழுக்களில், பிள்ளை பிறக்கும்போது ஆட்டக்காரர் விடுப்பெடுக்கும் முறையே 2011-இற்றான் எழுத்தில் வந்தது. அவ் விடுப்பும் ஒரு நாளுக்குக் குறையாமலும் மூன்று நாளுக்கு மேற்படாமலும் அமையவேண்டும். தெக்சாசு ரேஞ்சர்சுக் குழுவின் கோல்பி லூயிசு என்பாரே அதனை முதலிற் பயன்படுத்தியவர். மூன்றாண்டு கழித்து, 2014 ஆட்டப்பருவத் தொடக்கத்தில், நியூயார்க்கு மெட்சுக் குழுவின் தானியல் மர்பி தம் மகன் பிறப்பிற்காக இரண்டே இரண்டு ஆட்டங்களுக்கு வாராதிருந்தார். வானொலியில் விளையாட்டுப் பேசுவார் அவரை எள்ளி நகையாடினர். ஆட்டப்பருவம் தொடங்குமுன்பே மனைவிக்கு அறுவை செய்து பிள்ளையை எடுத்திருக்கலாமே என்று பேசினார் ஒருவர். எதிர்ப்பெழுந்த பின்னர் மன்னிப்புக் கேட்டார். 162 ஆட்டத்தில் இரண்டு! அவ் விரண்டையும் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கப் பொறாத களத்தில், பிள்ளையைத் தோளிற் சுமந்து வரும் ஆட்டக்காரனை ஏளனத்திற்கு உரியவனாக்காமற் காதலுக்கு உரியவனாக்கிக் காட்டுவன இந்தப் புதினங்களே. அது சிறிய பணியன்று. வானொலியிற் பேசிய ஆடவரைக் காட்டிலும் இப் பெண் எழுத்தாளர்க்கு நாகரிகம் மிகுதி.

ஆயின், குறை அங்கேயே தொடங்குகின்றது. நல்ல வித்தைக் கையில் வைத்துக்கொண்டு விதைக்காமற் போகின்றார்கள். தனித்தந்தை என்பவன் அந் நாட்டில் எத்துணைப் போராட்டத்தில் விளைந்தவன் என்பதற்கு அப் புதினம் நிகழும் மண்ணே சான்று கூறும்.

சிக்காகோ, இல்லினாய் மாநிலத்தின் பெருநகர். அம் மாநிலச் சட்டம் மணமாகாத தந்தையைப் பெற்றோர் என்றே கொள்ளாதிருந்தது. பீட்டர் சுட்டான்லி என்பார் ஒருத்தியோடு பதினெட்டு ஆண்டுகள் விட்டும் தொட்டும் கூடிவாழ்ந்து மூன்று பிள்ளைகளைப் பெற்றவர். தாய் இறந்ததும் பிள்ளைகள் அரசின் காவலுக்கு உரியவராயினர். தந்தை தகுதியுடையவரா, தகுதியற்றவரா என்று எவரும் உசாவவில்லை. மணத்தாள் இல்லை என்பதொன்றே போதுமானதாயிற்று. அவர் வழக்காடினார். 1972-இல் அமெரிக்கத் தலைமை வழக்குமன்றம், தகுதியை உசாவாமற் பிள்ளைகளைப் பிரித்தல் முறையன்று எனத் தீர்ப்பளித்தது. நடுவர் ஐவர் அதன் பக்கம், இருவர் மாறுபட்டனர். சுட்டான்லியின் கையில் ஒரு மணத்தாள் இருந்திருந்தால், அது வேகாசு நகரிற் குடிமயக்கத்தில் வாங்கியதாயினும், அவர் பெற்றோருள் ஒருவராகவே கொள்ளப்பட்டிருப்பார். பதினெட்டாண்டு வாழ்க்கையைக் காட்டிலும் ஒரு தாள் கனத்த காலம் அது. 'காட் அப்' நூலின் மூத்தோனும் மணமாகாத தந்தையே. அதே மாநிலத்திற் பிள்ளை வளர்ப்பவனே. 1972-க்கு முன்னாயின் அவன் தந்தைமையே ஐயத்திற்கிடமாயிருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டக்களத்திற்கு வரும் உரிமை அவனுக்கு எவர் வாங்கித் தந்தது என்பதைப் படிப்போர் அறிய வாய்ப்பில்லை. காதற்புதினம் சட்டநூலாக வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. இழக்கக்கூடிய ஒன்றாகப் பிள்ளையைக் காட்டியிருந்தால் தந்தையின் அன்பிற்கும் எடை கூடியிருக்கும் அன்றோ?

உண்மையில் 'காட் அப்' நூலில் தந்தை என்று சொல்லத்தக்கவர் மூத்தோன் அல்லன். ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரே. செவிலியாய் வந்தவள் அவர் பெற்ற மகளல்லள். அவர் விரும்பிய பெண்ணின் மகள். தாய் இறந்தபின், பிறப்பால் எவ்வுறவும் இல்லாத சிறுமியைத் தம் மகளாக ஏற்று, ஆட்டத்துறையில் தமக்கிருந்த வாழ்வை அவளுக்காக விட்டவர் அவர். பாரி இறந்தபின் அவன் மகளிரைத் தம் மகளிராக அழைத்துக்கொண்டு, வேளிர் வாயில்தோறும் நின்ற கபிலரை இவர் நினைப்பிக்கின்றார். வளர்ந்த மகள், தந்தை தனக்காக இழந்ததைத் தீர்க்கமுடியாத கடனாகச் சுமக்கின்றாள். அதனாலேயே ஓரிடத்தும் நிலைகொள்ளாமல் திரிகின்றாள். இங்கே கதை இருக்கின்றது. ஈகம் செய்தவன் மறந்துவிட்ட ஒன்றை ஈகத்தைப் பெற்றவள் மறக்கமுடியாமல் தவிப்பது எத்துணை அரிய பொருள்! எழுத்தாளர் அதனைத் தொட்டிருக்கின்றார். தொட்ட பக்கங்களே நூலின் சிறந்த பக்கங்கள். பின்னர் கட்டிலறைக் காட்சிகளுக்கு விரைந்து திரும்பிவிடுகின்றார்.

புனைவோர் விட்ட கதையை வழக்குமன்ற ஏடுகள் வைத்திருக்கின்றன. சுட்டான்லி வழக்கில் தீர்ப்பான அதே 1972-இல், நியூசெர்சி மாநிலத்தில் பாலா வீசன்பெல்டு என்னும் பள்ளி ஆசிரியப் பெண் பிள்ளைப்பேற்றில் இறந்தார். பிள்ளை பிழைத்தது. கணவர் சுடீபன் வீசன்பெல்டை விட மிகுதியாகச் சம்பளம் ஈட்டியவர் அவர். அச் சம்பளத்திலிருந்து அரசின் குமுகக் காப்புநிதிக்கு ஒழுங்காகப் பணம் பிடிக்கப்பட்டும் வந்தது. பிள்ளையைத் தாமே இருந்து வளர்க்கவேண்டி, காப்புநிதியிலிருந்து உதவி கேட்டார் கணவர். பிள்ளையோடு நிற்கும் கைம்பெண்ணுக்கே அவ் வுதவி உண்டு. மனைவியை இழந்த ஆணுக்கு இல்லை என்றனர். தாபத நிலையையும் தபுதார நிலையையும் அடுத்தடுத்து வைத்துப் பாடுதுறையாக்கியது தொல்காப்பியம். அமெரிக்கச் சட்டத்திற்கு முன்னது மட்டுமே கண்ணிற் பட்டது. வீசன்பெல்டு தம் குறையை உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு ஒரு மடலாக எழுதினார். அம் மடலின் வழியே அவர் வழக்கு, அப்போது சட்டப் பேராசிரியராய் இருந்த இரூத்து பேடர் கின்சுபர்க்கு அம்மையாரின் கைக்கு வந்தது.

அம்மையார் அவ் வழக்கைத் தலைமை வழக்குமன்றத்தில் எடுத்துரைத்த முறை நுட்பமானது. இச் சட்டம் ஆணுக்கு மட்டும் தீங்கு செய்யவில்லை. உழைத்துப் பணம் கட்டிய பெண்ணின் உழைப்பை ஆணின் உழைப்பினும் தாழ்வாக மதிக்கின்றது. தாய் இறந்தபின் எஞ்சிய ஒரே பெற்றோரின் அணைப்பையும் பிள்ளையிடமிருந்து பறிக்கின்றது என்று மூவர் பக்கமும் நின்று பேசினார். 1975-இல் எண்மர் நடுவரும் ஒருமுகமாக வீசன்பெல்டின் பக்கமே தீர்ப்பளித்தனர்.

இக் கதைக்கும் ஒரு மணம் உண்டு. கின்சுபர்க்கு அம்மையார் பின்னர் அதே தலைமை வழக்குமன்றத்தின் நடுவராய் அமர்ந்தார். அந்தக் குடும்பத்தோடு கொண்ட தொடர்பை அவர் விடவில்லை. தாயில்லாமல் வளர்ந்த மகன் சட்டம் பயின்றான். 1998-இல் அவன் திருமணத்தை அம்மையாரே நடத்திவைத்தார். தந்தை அதன் பின்னும் நெடுநாள் தனித்தே இருந்தார். 2014-இல், மனைவி இறந்து ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டு ஆனபின், சுடீபன் வீசன்பெல்டு மீண்டும் மணம் செய்துகொண்டார். அம் மணத்தை நடத்திவைத்தவரும் அம்மையாரே. அவர்க்கு அப்போது அகவை எண்பத்தொன்று. பால்மறவாப் பிள்ளையாய் வழக்கிற் பேசப்பட்ட மகனுக்கு நாற்பத்தொன்று.